நியூட்ரலில் ஒரு மிதி!

போன மார்கழியில் ஒரு காலை. ஷெட்டில் காரை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விட்டுவிட்டு, கண்ணாடியை எடுக்க உள்ளே வந்தார் என் கணவர். அதற்குள் எங்கள் ஆறு வயது வாண்டு டிரைவர் சீட்டில் ஏறி, சறுக்கி இறங்கி, ஆக்ஸிலேட்டரை ஒரே மிதி! எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. ஓடிப்போய்ப் பார்த்தால், முள் 4000-த்தில் நின்று துடிக்கிறது. அதற்கு மேல் ஏறவில்லை.

"ஏங்க, எஞ்சின் என்னத்துக்காகும்?"

"ஒண்ணும் ஆகாது. கியரில் இருந்தால் வண்டியை இழுக்கிற பாரம் இருக்கும். நியூட்ரலில் அது இல்லை. லேசா மிதிச்சாலே எகிறிடும். அதனால் இப்போ பல கார்களில் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்தி அடக்கிடும்" என்றார்.

எஞ்சினுக்குக் காவல் இருக்கிறது, சரி. பிள்ளைக்கு? ஷெட் கதவு பாதி மூடியிருந்ததே! புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். நாமோ பித்தம் என்று சுக்குக் கஷாயம் போடுவோம்! உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, டாக்டரிடம் ஓட வேண்டும்.

சோக்கை இழுத்துச் சூடு பண்ணிய காலம் போயாச்சு. ஸ்டார்ட் செய்ததும் வண்டியை வெளியே எடுத்துவிடலாம். கார் சாவி இப்போது என் இடுப்பில்தான். அவர் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.