கடை மூடிய பின் உத்தரவாத அட்டை



போனஸ் பணத்தோடு கூட்டுப் பணத்தையும் சேர்த்து, பட்டணத்துக் கடையில் ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்குகிறோம். எட்டாவது மாதம் பெட்டி குளிர மறுக்கிறது. உத்தரவாத அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனால் கடை பூட்டிக் கிடக்கிறது. “தவுக்கே கடையை மூடிவிட்டார், போன காசு போனதுதான்” என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். வீடு திரும்பியதும் பலர் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். நேயர்களே, கிழிக்க வேண்டாம்!

உத்தரவாதம் என்பது ஒருவர் கொடுத்த வாக்கு. கொடுத்தவர் யார் என்று முதலில் பாருங்கள். அட்டையின் அடியில் பொருளைத் தயாரித்த கம்பெனியின் பெயரோ, அதை இறக்குமதி செய்த கம்பெனியின் பெயரோ இருந்தால், வாக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். கடைக்காரர் போட்ட முத்திரை, இந்தப் பொருள் இன்ன தேதியில் விற்கப்பட்டது என்பதற்கு அடையாளம். கடை போனாலும் அந்த வாக்கு நிற்கும். குளிர்பதனப் பெட்டியானால் அட்டையை முழுவதும் வாசியுங்கள். பெட்டி முழுவதற்கும் ஓராண்டு என்று போட்டு, கம்ப்ரசருக்கு மட்டும் ஐந்தாண்டு, பத்தாண்டு என்று தனியே எழுதியிருப்பது வழக்கம்.

கடைக்காரர் தனியே காசு வாங்கிக்கொண்டு “இன்னும் இரண்டு வருஷம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு. அந்த வாக்கு கடையுடையது. பெரும்பாலும் கடையோடு போய்விடும். சிறிய கடைகளில் இதற்கென்று கூடுதல் பணம் கட்டுவது வீண் என்பதே என் எண்ணம்.

சரி, அட்டையே இல்லை, அல்லது அதன் காலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்கப்படும் பொருள், கொடுத்த விலைக்குத் தக்கபடி குறையில்லாமலும் நியாயமான காலம் உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது இச்சட்டம். இந்தப் பொறுப்பு விற்றவருக்கு மட்டுமல்ல, தயாரித்தவருக்கும் உண்டு. “தயாரித்தவர் சீனாவிலோ கொரியாவிலோ இருக்கிறாரே, அவரை எங்கே தேடுவது?” என்று கேட்பீர்கள். அவருக்கு மலேசியாவில் அலுவலகம் இல்லையென்றால், பொருளை இங்கே இறக்குமதி செய்தவரையோ விநியோகித்தவரையோ தயாரித்தவராகவே சட்டம் கருதுகிறது. பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் அவர் பெயரைத் தேடுங்கள். ஆனால் எலி கடித்த வயருக்கும் நாமே தவறாகக் கையாண்டு கெடுத்த பொருளுக்கும் அவர் பொறுப்பாக மாட்டார்.

அட்டையில் பழுது பார்த்துத் தருவதாக எழுதியிருந்தால், முதலில் அந்தக் கம்பெனியிடமே கேட்க வேண்டும். வாய்ச்சொல்லாக இல்லாமல் கடிதமாக எழுதி, ஒரு படியை வைத்துக்கொண்டு, நியாயமான அவகாசம் கொடுங்கள். அவர்கள் மறுத்தாலோ காலம் கடத்தினாலோ அந்தப் படியே உங்களுக்குச் சாட்சி.

கடைக்காரரையும் உடனே விட்டுவிட வேண்டியதில்லை. ரசீதின் தலைப்பைப் பாருங்கள். ‘எண்டர்பிரைஸ்’ என்று பதிவான கடையானால், கடையும் உரிமையாளரும் ஒன்றுதான். கதவை மூடியதால் அவருடைய கடன் தீராது, அவரிடமே கேட்கலாம். ‘சென்டிரியான் பெர்ஹாட்’ என்றிருந்தால் அது சட்டத்தின் பார்வையில் தனி ஆள். நீதிமன்ற உத்தரவால் அது கலைக்கப்படும்போது, கணக்கு முடிக்க லிக்குவிடேட்டர் என்ற அதிகாரி வருவார். முன்பணம் கட்டிப் பொருள் வாங்காதவர்கள் ரசீதைக் காட்டி அவரிடம் தங்கள் கோரிக்கையைப் பதிய வேண்டும். ஆனால் அடமானம் பெற்ற வங்கியும் தொழிலாளர் சம்பளமும் வரிசையில் முன்னே நிற்கும். நமக்கு மிஞ்சுவது சொற்பம், சில வேளை ஒன்றுமே இராது. முன்பணத்தைக் குறைவாகக் கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

தவணையில் வாங்கியவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். பணம் கொடுத்தது நிதிக் கம்பெனியானால், கடை மூடினாலும் அவர்களுக்குக் கட்ட வேண்டியது அப்படியே இருக்கும். பழுதைப் பற்றி அவர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கம்பெனி அசையவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாய் மொழியில் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். முன்பு 25,000 வெள்ளி வரையில்தான் கோர முடிந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது 50,000 ஆனது. உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் தன் ஊழியரையே அனுப்ப வேண்டும். தீர்ப்புக்கு 14 நாளில் பணியாவிட்டால் அது குற்றம். மனு எழுதத் தயங்குவோர் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் யோசனை கேட்கலாம்.

ஒரு சிறு காரியம் பாக்கி. இப்போது கடைகளில் தரும் வழவழப்பான ரசீது சில மாதங்களிலேயே மங்கி வெறுந்தாளாகிவிடும். பொருள் வாங்கிய அன்றே அதைப் படம் பிடித்தோ படியெடுத்தோ, கடை முத்திரையும் தேதியும் விழுந்த அட்டையோடு சேர்த்து, பிறப்புப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.