மார்ச் விடுமுறையில் போனால் சக்குரா இருக்குமா? பூவைத் துரத்தி வடக்கே போகும் பயணம்

2023இல் தோக்கியோவில் சக்குரா பூக்கத் தொடங்கிய நாள் மார்ச் 14. அடுத்த ஆண்டு? மார்ச் 29.

அதே ஊர், அதே மரம், 15 நாள் வித்தியாசம்.

சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. மார்ச் பள்ளி விடுமுறை ஒரே ஒரு வாரம்தான், அதுவும் மாத நடுவில். டிக்கெட்டைப் பல மாசத்துக்கு முன்னாடியே வாங்கிடுறோம். அப்பாவுக்கு லீவு, அம்மாவுக்கு லீவு, பாட்டிக்குப் புது ஸ்வெட்டர்னு எல்லாம் தயார். அங்கே போய் இறங்கினால் மரத்தில் வெறும் மொட்டு!

அப்படின்னா எப்போ போகணும்? அதைச் சொல்றதுக்கு முன்னாடி, பூ எப்படித் தன் தேதியை முடிவு பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும்.

ஐந்தாறு பூ, ஒரு அறிவிப்பு

தோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்தில் ஒரு சக்குரா மரம் இருக்கு. மார்ச் மாதம் வந்தால் ஜப்பானிய வானிலை ஆய்வக அதிகாரிகள் அங்கே வந்து அதன் கிளைகளை உற்றுப் பார்ப்பாங்க. தொலைக்காட்சி கேமராக்களும் சுற்றி நிற்கும். ஐந்து, ஆறு பூ விரிந்திருந்தால் போதும், "தோக்கியோவில் சக்குரா பூத்துவிட்டது" என்று அதிகாரபூர்வமாக அறிவிப்பு வரும். மொட்டுகளில் சுமார் 80 விழுக்காடு விரிந்தால் அது முழுமலர்ச்சி. தோக்கியோவில் முதல் அறிவிப்புக்கும் முழுமலர்ச்சிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வாரம். அதற்குப் பிறகு இன்னொரு வாரம் தாங்கலாம். நடுவில் ஒரு பலத்த மழையோ காற்றோ வந்தால் கதை முடிந்தது.

நாடு முழுக்க இப்படி அடையாள மரங்கள் இருக்கு. ஆனா எப்போ பூக்கும்னு முன்கூட்டியே கணிக்கும் வேலையை ஆய்வகம் 2010லிருந்து நிறுத்திவிட்டது. இப்போ கணிப்பு வெளியிடுவது தனியார் வானிலை நிறுவனங்கள்.

ஒரு மரத்தைப் பார்த்து ஒரு நகரத்துக்கே அறிவிப்பது நியாயமா? இங்கே நியாயம்தான். ஜப்பானில் பரவலாக இருக்கும் 'சோமேய் யோஷினோ' வகை விதையிலிருந்து வளர்வதில்லை. நம்ம ஊர் ஒட்டு மாங்கன்று மாதிரி, ஒரு மரத்தின் கிளையை இன்னொன்றோடு ஒட்டித்தான் வளர்க்கிறாங்க. அதனால் எல்லா மரமும் மரபணு ரீதியில் கிட்டத்தட்ட ஒரே மரத்தின் நகல். ஒரே வட்டாரத்தில் ஒரே வெப்பநிலை இருந்தால், எல்லாம் சொல்லி வைத்த மாதிரி ஒரே நேரத்தில் பூக்கும். அந்தக் காட்சிதான் நம்மை டிக்கெட் வாங்க வைக்குது.

தூங்கி எழும் மொட்டு

சக்குரா மொட்டு வசந்த காலத்தில் உருவாவதில்லை. முந்தைய கோடையிலேயே உருவாகி, இலையுதிர் காலத்தில் உறங்கிவிடும். அதை எழுப்புவது வெயில் இல்ல, குளிர்! குளிர்காலத்தில் போதுமான நாள் குளிரில் இருந்த பிறகுதான் மொட்டு விழிக்கும். விழித்த பிறகு வளர வெப்பம் தேவை.

ஜப்பானில் பலருக்கும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. பிப்ரவரி 1லிருந்து ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போகணும். மொத்தம் 600 டிகிரியைத் தொடும் சமயத்தில் தோக்கியோவில் பூ வரும். சராசரியா நாளுக்கு 12 டிகிரி என்றால் 50 நாள், அதாவது மார்ச் 22. அதுவே 15 டிகிரியா இருந்தால் 40 நாள், மார்ச் 12. மூணே டிகிரி, பத்து நாள் வித்தியாசம். இது கைக்கணக்குதான், துல்லியமில்ல. ஆனா கணிப்பு ஏன் வாரத்துக்கு வாரம் மாறுதுன்னு இதிலேயே புரிஞ்சிடும்.

பூமி சூடாவதால் பூ சீக்கிரம் வருது என்பது பாதி உண்மை. கியோட்டோவில் 9ஆம் நூற்றாண்டிலிருந்து அரண்மனைக் குறிப்புகளிலும் நாட்குறிப்புகளிலும் மலர் பார்க்கும் விழாக்களின் தேதி பதிவாகியிருக்கு. ஆய்வாளர் யசுயுகி ஆவோனோ அவற்றைத் தேடித் தொகுத்தார். 2021இல் கியோட்டோவில் மார்ச் 26ஆம் தேதியே முழுமலர்ச்சி. சுமார் 1,200 ஆண்டுப் பதிவுகளில் அதுதான் ஆக முந்தியது.

மீதிப் பாதி? தெற்கே கியூஷூ போன்ற இடங்களில் குளிர்காலம் ரொம்ப மிதமாகிவிட்டால், மொட்டு சரியா விழிப்பதே இல்ல. அதனால் வெப்பமான தெற்கை விடத் தோக்கியோ முந்திக்கொள்ளும் ஆண்டுகளும் இருக்கு. நம்ம சிங்கப்பூரில் சக்குராவைப் பார்க்கக் கரையோரப் பூந்தோட்டங்களின் குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடத்துக்குள் போக வேண்டியிருப்பதும் இதனால்தான்.

பூவுக்கு ஒரு மாதம், ரயிலுக்கு மூன்று மணி நேரம்

இப்போ நல்ல செய்தி. சக்குரா ஒரே நாளில் நாடு முழுக்கப் பூப்பதில்லை. தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி தோக்கியோவில் பூக்கத் தொடங்குவது மார்ச் 24. ஃபுக்குஷிமாவில் ஏப்ரல் 7, செண்டாயில் ஏப்ரல் 8, அவோமோரியில் ஏப்ரல் 22, சப்போரோவில் மே 1.

தோக்கியோவிலிருந்து அவோமோரி போகப் பூவுக்குச் சுமார் ஒரு மாசம். அதிவேக ஷிங்கன்சென் ரயிலுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம்! ஒரு ஊரில் பூ முடிஞ்சிருந்தால் வடக்கே போங்க. இன்னும் வரலையா, தெற்கே இறங்குங்க. தொஹோக்கு வட்டாரத்தில் இந்த ரயில் பாதையை ஒட்டியே பல மலர் விழாக்கள் நடக்குது.

ஃபுக்குஷிமா மாநிலத்தின் மிஹாருவில் இருப்பது ஒரே ஒரு மரம், ஆனா ஆயிரம் வயதைத் தாண்டியது. கிளைகள் அருவி மாதிரித் தொங்குவதால் அதன் பெயரே 'அருவிச் சக்குரா'. வழக்கமா ஏப்ரல் நடுப்பகுதியில், நம்ம சித்திரை பிறக்கும் சமயத்தில் பூக்கும்.

சின்னப் பிள்ளைகளோடு போறவங்களுக்கு என் தேர்வு கித்தகாமி. ஆற்றங்கரையில் சுமார் இரண்டு கிலோமீட்டருக்குச் சக்குரா வரிசை. குதிரை வண்டியும் ஓடும். ஜப்பானில் மே 5 சிறுவர் தினம் என்பதால், ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி நூற்றுக்கணக்கான துணி மீன்களைப் பறக்க விட்டிருப்பாங்க. பூவைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும் பிள்ளையும் அந்த மீன்களைப் பார்த்துக்கிட்டே நிக்கும். சாமுராய்களின் பழைய வீடுகள் இருக்கும் ககுனோடாத்தே அழகான ஊர், ஆனா பிள்ளைகளை விடப் பெரியவங்களுக்குத்தான் அதிகம் பிடிக்கும்.

கடைசியில் ஹிரோசாக்கி. கோட்டைப் பூங்காவில் சுமார் 2,600 மரங்கள். சக்குராவை வெட்டுபவன் முட்டாள் என்று ஜப்பானில் ஒரு பழமொழியே உண்டு, வெட்டிய இடத்தில் எளிதில் அழுகிவிடும் என்பதால். ஆனா ஹிரோசாக்கி ஆப்பிள் விளையும் ஊர். ஆப்பிள் தோட்டத்துக் கிளைவெட்டும் முறையைத் துணிந்து சக்குராவிலும் செய்து பார்த்தாங்க. பலன்? ஒரு மொட்டுக்கொத்தில் வழக்கத்தை விட அதிகப் பூ, நூறு வயதைத் தாண்டியும் நிற்கும் மரங்கள். 1882இல் நட்ட ஒரு மரம் இன்னும் அங்கே பூக்குது.

இங்கே பூ உதிர்ந்த பிறகு போனாலும் ஏமாற்றமில்ல. அகழித் தண்ணீர் தெரியாத அளவுக்கு இதழ்கள் மிதந்து இளஞ்சிவப்புப் பாய் விரிச்ச மாதிரி இருக்கும்.

ஆனா இங்கேயும் தேதிப் பிரச்சினை வந்தாச்சு. விழா ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி மே 5 வரை நடக்கும். 2023இல் விழா தொடங்குவதற்கு முன்பே பூ உச்சத்துக்கு வந்துவிட்டது. விழாவை நம்பிப் பிழைக்கும் கடைக்காரர்கள், ஹோட்டல்காரர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை.

ஷிங்கன்சென் பாதையிலிருந்து விலகி, கடலோர ஜோபான் ரயில் பாதையில் இன்னோர் இடம் இருக்கு: தொமியோக்காவின் யொனொமோரி. 2011 அணுவுலை விபத்தில் ஊர் மக்கள் எல்லாரும் வெளியேற வேண்டியிருந்தது. பார்க்க ஆளில்லாமலே அந்தச் சக்குரா வீதி ஆண்டுதோறும் பூத்தது. 2020இல் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. அந்தப் பகுதிக்கான வெளியேற்ற உத்தரவு நீங்கியது 2023 ஏப்ரலில்தான். அங்கே போனால் படம் எடுக்கலாம், ஆனா வீட்டு வாசல்களில் கொஞ்சம் அடக்கமா இருங்க. திரும்பி வந்தவங்க அங்கே வாழ்றாங்க.

சரி, எப்போ டிக்கெட் வாங்கலாம்?

மார்ச் பள்ளி விடுமுறை என்றால் உண்மையைச் சொல்லிடுறேன், சிரமம்தான். சீக்கிரம் பூக்கும் கவாசு வகைச் சக்குரா பிப்ரவரியில் தொடங்கி மார்ச் தொடக்கத்தில் முடிஞ்சிடும். தோக்கியோ சராசரியா மார்ச் 24. நம்ம விடுமுறை வாரம் ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்குது. 2020, 2021, 2023 மாதிரி மார்ச் 14இல் பூக்கும் ஆண்டாக அமைஞ்சால் அதிர்ஷ்டம். அதை நம்பி முழுப் பயணத்தையும் போடாதீங்க.

பெரிய வெள்ளி நீண்ட வார இறுதி ஏப்ரல் தொடக்கத்தில் வரும் ஆண்டுகளில் தோக்கியோவும் செண்டாயும் கைக்கு எட்டும். மே 1 தொழிலாளர் தினத்தை ஒட்டிப் போறீங்கன்னா வட தொஹோக்கு, ஹொக்கைடோ. ஆனா ஏப்ரல் 29லிருந்து மே 5 வரை ஜப்பானியர்களுக்கே பொது விடுமுறைகள் தொடர்ந்து வரும் பொன் வாரம். ஷிங்கன்சென் இருக்கை, ஹோட்டல் ரெண்டையும் முன்கூட்டியே பதிவு செய்யலைன்னா திண்டாட்டம்தான்.

சைவம் சாப்பிடுறவங்க கவனிங்க. விழாக் கடைகளில் இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சைன்னு மூணு நிறத்தில் குச்சியில் செருகிய அரிசி மாவு உருண்டை கிடைக்கும், நம்ம கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைச் சாப்பிடலாம். ஆனா காய்கறி மட்டும் தெரியும் நூடல்ஸ் சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும், கேட்டு வாங்குங்க. ஏப்ரல் இரவில் அவோமோரிப் பக்கம் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிடும். பாட்டியின் ஸ்வெட்டர் கட்டாயம். பூங்காவில் விரிப்பு போட்டு உட்காரும்போது காலணியைக் கழற்றணும், குப்பையை நீங்களே எடுத்துட்டுப் போகணும், படத்துக்காகக் கிளையை வளைக்கவே கூடாது.

ஜூன் விடுமுறைக்குத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம். ஹொக்கைடோவின் கிழக்கு முனையில் இருக்கும் நெமுரோவில்கூட மே மாதத்தோடு சக்குரா முடிஞ்சிடும்.