கனோ பயணமும் ஒரு நாள் கணக்கும்

வட கனடாவின் ஆறுகளில் கனோவில் போகிறவர்கள் எப்படித் திட்டம் போடுறாங்கன்னு கொஞ்ச நாளா வாசிச்சுக்கிட்டிருக்கேன். நான் ஒரு கனோவில் ஏறினதுகூட இல்லை. ஆனால் ரோடே இல்லாத ஊருக்கு வாரக்கணக்கில் துடுப்பு போட்டுப் போறவங்க முதலில் எதை யோசிப்பாங்க? படகு, கூடாரம், கரடி என்றுதான் நினைத்திருந்தேன். வாசித்துப் பார்த்தால், முதல் விஷயம் நாட்காட்டி.

ஒரு பழைய சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 1955இல் ஆர்தர் மொஃபாட் என்ற அமெரிக்கர் தலைமையில் ஆறு பேர், மூன்று கனோக்களில் டுபாண்ட் ஆற்றில் கிளம்பினார்கள். 1893இல் ஜே.பி. டிரல் என்ற நிலவியலாளர் போன வழி அது. மரமே இல்லாத துந்திரா வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போய், பேக்கர் லேக் என்ற ஊரைச் சேர வேண்டும். ஆனால் கோடை முழுக்க மெதுவாகவே போனார்கள். செப்டம்பரில் குளிர் வந்தபோது இன்னும் பாதி வழியில்தான் இருந்தார்கள். சாப்பாடும் தீர்ந்துகொண்டிருந்தது.

பாறைகளுக்கு நடுவே ஆறு நுரைத்துப் பாய்கிற இடத்தை ராபிட்ஸ் என்பார்கள். அதற்கு முன்னால் கரையில் இறங்கி, நடந்து பார்த்துவிட்டுத்தான் படகை விடணும் என்பது பாலபாடம். செப்டம்பர் 14 அன்று அப்படிப் பார்க்காமலேயே ஒரு ராபிட்ஸில் நுழைந்தார்கள். படகுகள் கவிழ்ந்தன. மொஃபாட் குளிரில் இறந்துபோனார். மற்ற ஐந்து பேரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இறங்கிப் பார்க்கணும்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரியும். அதற்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். தவறு அந்த ராபிட்ஸில் நடந்தது மாதிரி தெரியுது; ஆனா அது ஜூலையிலேயே, ஒவ்வொரு நாளாகத் தொடங்கிவிட்டது.

சரி, கணக்கை எப்படிப் போடுவது? ஒரு மாதிரிக் கணக்கு: நாலு பேர், இரண்டு கனோ, 400 கி.மீ. ஆறு. ஒரு நாளைக்கு 25 கி.மீ. என்றால் 16 நாள். இதோடு நிறுத்திட்டா ஆபத்து. வழியில் பெரிய ஏரிகள் இருந்தால், எதிர்க்காற்றில் நாள் முழுக்கக் கரையிலேயே உட்கார நேரும். அதற்கு 4 நாள். படகையும் மூட்டைகளையும் தோளில் தூக்கி நடக்கும் போர்ட்டேஜுக்கு 1 நாள். மூட்டைகளை இரண்டு நடையில் கொண்டுபோனால் 1 கி.மீ. போர்ட்டேஜ் 3 கி.மீ. நடையாகிவிடும். கடைசியில், நம்மை ஏற்றிப்போக ஏரியில் வந்து இறங்கும் சிறு விமானம் மூடுபனியில் வராமல் போகலாம். அதற்கு 3 நாள். மொத்தம் 24.

இந்த 8 நாள் இலவசம் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 800 கிராம் உலர் உணவு என்று வைத்தால், நாலு பேருக்கு 8 நாளுக்கு 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதையும் போர்ட்டேஜில் தூக்கணும். அதனால்தான் பலருக்கு இதைக் குறைக்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த மூட்டைதான், "இன்னைக்கு இந்த ராபிட்ஸ் வேண்டாம், சுத்திப் போவோம்" என்று சொல்லும் தைரியத்தைக் கொடுக்கிறது.

வரைபடத்திலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. கனடாவின் 1:50,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகள் ஆற்றை எங்கே அடுத்தடுத்து வெட்டுகின்றனவோ, அங்கே ஆறு சரிவாக இறங்குகிறது. அந்த இடங்களை முன்பே குறித்து, இறங்கிப் பார்க்கும் நேரத்தையும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கணும்.

தண்ணீருக்கு 1-10-1 என்று ஒரு விதி சொல்கிறார்கள். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பியது. ஐஸ் மாதிரி தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கே. இன்று செயற்கைக்கோள் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கேட்கலாம். ஆனால் உங்களைக் கரையில் முடக்கிப்போட்ட அதே வானிலைதான் விமானத்தையும் நிறுத்தி வைத்திருக்கும்.

யாராவது இப்படி ஒரு திட்டத்தைக் காட்டினால், ராபிட்ஸ் பற்றி அப்புறம் கேட்டுக்கலாம். எத்தனை நாளை சும்மா உட்கார ஒதுக்கியிருக்காங்கன்னுதான் முதலில் கேட்பேன்.