பயிற்சியாளரின் அலமாரியும் நாயின் கழுத்தும்

சென்னைப் புறநகரில் நாய்களை மாதக் கணக்கில் வைத்துப் பழக்கித் தரும் விடுதி ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டு ராஜபாளையம் நாயைக் கொண்டுபோய் விட்டேன். அந்த இடத்தின் யோக்கியதையைப் பற்றி என் மனத்தில் எழுந்திருக்க வேண்டிய சந்தேகங்களையெல்லாம் எழவொட்டாமல் அடக்கியவை, வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் நெருக்கமாக அடுக்கியிருந்த கோப்பைகளும், அவற்றின் மீது சார்த்தியிருந்த பட்டு நாடாப் பூக்களுமே. இத்தனை பரிசு வாங்கியவர் நம் நாய்க்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுக்க மாட்டாரா என்று எண்ணி, முப்பது நாளுக்குரிய தொகையை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை, நாய்களை எங்கே கட்டுகிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்கவுமில்லை.

ராஜபாளையத்துக்கு மயிர் வெண்மை. அதன் அடியில் தோல் இளஞ்சிவப்பு. ஆகையால் மற்ற ஜாதி நாய்களில் மறைந்துபோகக்கூடிய காயம் அதன் உடம்பில் மறைவதில்லை. திரும்பி வந்த நாயின் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மயிர் உதிர்ந்திருந்தது. உட்புறம் இரும்புப் பற்கள் வைத்த பட்டையை இழுத்து இழுத்துப் பழக்கியதன் அடையாளமாக, அந்த வெறுந்தோலில் வரிசையாகக் கன்றிய புள்ளிகள் இருந்தன. மூக்குக் கண்ணாடியைக் கழற்ற நான் கையை உயர்த்தினால் போதும், நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும். "ரொம்பப் பிடிவாதம் சார், கூப்பிட்டா திரும்பியே பார்க்காது. கண்டிப்பாத்தான் வழிக்குக் கொண்டுவரணும்" என்றார் விடுதிக்காரர்.

அந்தக் கோப்பைகள் எதற்காகக் கிடைத்தவை என்று பிற்பாடு விசாரித்தேன். போலி அல்ல, மெய்யான கோப்பைகளே. ஆனால் அத்தனையும் அழகுக் காட்சியில் வாங்கியவை. அங்கே நடுவர் பார்ப்பது நாயின் எலும்புக் கட்டு, பல் வரிசை, நடை, ஜாதி லட்சணம் ஆகியவற்றையே. 'சாம்பியன்' என்று பெயருக்கு முன்னே போட்டுக்கொள்ளும் பட்டமும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதைப் பெற்ற நாய், கூப்பிட்டால் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்குப் பயிற்சி தரும் ஞானம் இருக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. மணப்பெண்ணின் அலங்காரத்தைக் கண்டு அவள் மாமியாரின் சமையலுக்கு நற்சான்று எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பான காரியத்தைச் செய்திருந்தேன் நான்.

அழகு வேறு, அறிவு வேறு என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்தே கீழ்ப்படிதல் போட்டி என்னும் விளையாட்டு அமெரிக்காவில் பிறந்தது. ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற மாது பூடில் நாய்களை வளர்த்து வந்தார். மயிரைக் கத்தரித்துச் சிங்காரித்த அந்த ஜாதியைப் பார்த்துப் பிறர் செய்த பரிகாசம் பொறுக்காமல், 1933-ஆம் ஆண்டு, நியூயார்க் மாகாணத்தின் மவுண்ட் கிஸ்கோவில் தம் தந்தையாரின் தோட்டத்தில், எட்டே எட்டு நாய்களைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்திக் காட்டினார். 1936-இல் அமெரிக்கக் கென்னல் கிளப் அதை ஏற்று விதிகளை வகுத்தது. முதற்படிப் பட்டத்துக்கு மொத்த மதிப்பெண் 200. அதில் 170-க்குக் குறையாமலும், ஒவ்வோர் அங்கத்திலும் பாதிக்கு மேலும் வாங்க வேண்டும். அதுவும் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. களத்துக்குள் தின்பண்டம் காட்டக் கூடாது. ஜெர்மனியில் கதை இன்னும் பழையது. 1899-இல் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி தொடங்கிய ஜெர்மன் ஷெப்பர்டு சங்கம், அந்த ஜாதி வெறும் அழகுப் பொருளாகிவிடக் கூடாதென்று வளர்த்த பரீட்சைதான் இன்று ஐ.ஜி.பி. என்று வழங்குகிறது. மோப்பம், கீழ்ப்படிதல், காவல் என்று மூன்று பிரிவு. பிரிவுக்கு 100 ஆக மொத்தம் 300. ஒவ்வொன்றிலும் 70 வாங்காதவருக்குத் தேர்ச்சி இல்லை. அதற்குள் நுழையுமுன் 'பி.எச்.' என்ற பூர்வாங்கப் பரீட்சை ஒன்று உண்டு. அதில் நாயைத் தெருவிலே, பாதசாரிகளுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நடுவே நடத்திப் பார்க்கிறார்கள். எஜமானர் கண்ணுக்கு மறைந்தபின் கட்டிவைத்த இடத்தில் பதறாமல் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், வீட்டு நாய்க்கு மற்ற இரண்டு மூன்று பட்டங்களைவிட இந்தச் சாதாரணப் பரீட்சையே அதிகம் பயன்படும்.

நம் நாட்டில் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்டிக்கொள்ள எந்தப் பரீட்சையும் கட்டாயமில்லை. ஜெர்மனியிலோ 2014 ஆகஸ்ட் 1 முதல், காசு வாங்கிக்கொண்டு பிறர் நாயைப் பழக்குகிறவர் அரசு அலுவலகத்தில் தம் தகுதியை நிரூபித்து அனுமதி பெற்றாக வேண்டும். அத்தகைய காவல் இல்லாத இடத்தில், பயிற்சியாளரின் கைவேலையை அவரிடம் தாட்சணியமோ லாபமோ இல்லாத மூன்றாம் மனிதர் ஒருவர், பலர் பார்க்க, பழக்கமில்லாத மைதானத்தில் நிறுத்திச் சோதித்து எண்ணிட்டு எழுதியிருக்கிறார் என்றால், அந்த எண் மதிக்கத்தக்கது. போட்டி அநுபவத்துக்கு நான் தரும் மரியாதை இவ்வளவே. கென்னல் கிளப் ஆப் இந்தியாவின் தலைமையிடமே சென்னையில்தான் இருக்கிறது. அழகுக் காட்சிகளை ஒட்டிக் கீழ்ப்படிதல் பரீட்சைகளும் நம்மிடையே நடக்கின்றன. ஆதலின் இப்படிப்பட்டவர்கள் இங்கே கிடைக்கவே மாட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. போட்டிக்காரர் தம் களத்துக்கென்றே பொறுக்கியெடுத்த, வேலை செய்யத் துடிக்கிற நாயோடு பழகியவர். பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஒளிகிற நாயைக் கண்டிராமலே அவர் நடுவயதைத் தாண்டியிருக்கலாம். பழக்கிய நாயை விலைக்கு வாங்கிவந்து களத்தில் இறங்கிப் பெயர் தட்டிச் சென்றவர்களும் உண்டு. மதிப்பெண்ணுக்காக வலியை ஆயுதமாக்கியவர்கள் இந்த விளையாட்டில் இல்லாமல் இல்லை. ஐ.ஜி.பி.யின் தாய்வீடான ஜெர்மனியிலேயே, மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை பயிற்சிக்கு ஆகாதென்று 2006-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்த்தது. 2022 முதல் முள் பட்டைக்கும் தடை வந்துவிட்டது. அந்தப் பட்டைகள் நம்மூரில் கேட்பாரற்று விற்கின்றன. நாயைப் பழக்க என்ன உபகரணம் வைத்திருக்கிறீர்கள், அதை என் கையில் கொடுங்கள் என்று முதல் நாளே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் இரண்டாவதாகத் தேடிப்போன மனிதரிடம் அலமாரியே இல்லை. விடியற்காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரச் சொன்னார். ஏழரைக்கு மேல் சென்னை வெயிலில் நாயை ஓடவிடுவது கொலைக்குச் சமம் என்பது அவர் கட்சி. அது சரியான கட்சி. எந்தப் போட்டியில் கலந்துகொண்டீர்கள் என்று கேட்டதற்குப் பையிலிருந்து பழைய தாள்கோப்பு ஒன்றை எடுத்து, நடுவர்கள் கையெழுத்திட்ட தாள்களில் ஜெயித்ததை விட்டுத் தோற்றதை முதலில் விரித்தார். "படுக்க வெச்சிட்டு நாங்க எல்லாரும் மறைவாப் போய் நின்னோம் சார். ஒரு காக்கா வந்து பக்கத்துல உட்கார்ந்துச்சு, எழுந்துட்டான். அவன் மேல தப்பில்லை. ஆள் அரவமே இல்லாத இடத்துல வெச்சு நான் பழக்கிட்டேன்." பயிற்சியாளரைத் தேடுகிற எவருக்கும் நான் இப்போது சொல்லிக்கொடுக்கிற கேள்வி இதுதான்: எங்கே மதிப்பெண் இழந்தீர்கள்? மெய்யாகவே களத்தில் நின்றவருக்கு அந்த இடம் வருஷங்கள் கழிந்தும் முள்ளாக நெருடிக்கொண்டிருக்கும். நாயின் எந்தக் கால் பின்தங்கியது என்பது வரை சொல்லுவார். அலமாரிக்காரர் நாயைத் திட்டுவார்.

பிறகு அவர் எங்கள் நாயைத் தொடவில்லை. அதன் பார்வை என்மீது இருக்கும்படி என்னை எதிரே நிறுத்திவிட்டு, காற்றடிக்கும் திசையைப் பார்த்துப் பின்பக்கம் பத்தடி தள்ளிப்போய், சாவிக்கொத்தைக் குலுக்கினார். கைதட்டினார். சீழ்க்கை அடித்தார். நாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் செவி மடலில் ஓர் அசைவும் இல்லை. "இதுக்குக் காது கேட்கலை சார்" என்றார். முழு வெண்மையான நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவது பலரும் அறிந்த விஷயம். ராஜபாளையமும் அதற்கு விலக்கல்ல. இரண்டு வருஷம் வீட்டில் வைத்துச் சோறு போட்ட நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வாசற்படியின் அதிர்வையும் என் கையசைவையும் கொண்டே அது அத்தனை நாளும் சமாளித்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்பாத குற்றத்துக்கு ஒரு மாதம் முள் பட்டையில் தண்டனை அநுபவித்தது ஒரு செவிட்டுப் பிராணி!

கீழ்ப்படிதல் போட்டியின் மேல்படியில், வாய் பேசாமல் கைச்சாடையால் மட்டும் நாயை நடத்தி, நிறுத்தி, படுக்கவைத்து, உட்காரவைத்து, வரவழைக்க வேண்டிய அங்கம் ஒன்று உண்டு. அதைப் பழக்கியவருக்கு எங்கள் நாய் ஒரு புதிரே அல்ல. வேகவைத்த கோழித் துணுக்கும் பொறுமையுமாக ஆறு வாரத்தில், நான் உள்ளங்கையைத் தாழ்த்தினால் படுக்கவும், கையை மார்புக்குக் கொண்டுவந்தால் ஓடிவரவும் அது கற்றுக்கொண்டது. உயர்த்திய கை அதற்கு நல்ல செய்தியாவதற்கு மட்டும் அதற்கும் மேல் நாளாயிற்று.

முதல் விடுதியின்மீது நான் நடவடிக்கை எடுத்தேனா என்று வாசகர் கேட்கலாம். எடுக்க முடியவில்லை, காரணம் என் அசட்டை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாடு இருந்தால், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள், வக்கீல் இல்லாமலும் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். 'பதினைந்தே நாளில் உத்தரவாதம்' என்ற வகை விளம்பரம் பொய்த்தால் அதுவும் வழக்குக்குரிய விஷயமே. ரசீது தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. இவ்வளவு இருந்தும், என்னிடம் ரசீது இல்லை; விட்ட அன்று கழுத்து நன்றாயிருந்தது என்பதற்குப் புகைப்படம் இல்லை; திரும்பி வந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டித் தேதியிட்ட சான்று வாங்கவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் ஆத்திரம் வந்தது. அதற்குள் புண் ஆறிவிட்டது.

பிராணியை அடிப்பதும் வதைப்பதும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். போலீஸில் புகார் கொடுக்கலாம். ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ராஜ்ய சபையில் தொடங்கிய முயற்சியின் பலனாக வந்த சட்டம் அது. ஆனால் முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். நம் விடுதிக்காரர்கள் ஒரு வேளைக் காப்பிக்கு அதைவிட அதிகம் செலவிடுவார்கள். அங்கஹீனம் உண்டாக்கினாலோ கொன்றாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ஐந்து வருஷம் வரை சிறை என்று சற்றுப் பல்லோடு பேசுகிறது. அதே நூலின் 291-ஆம் பிரிவு நாய் வளர்ப்பவரை நோக்கியது: தம் வசமுள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக் காவலுக்கென்று நாயைக் கட்டிப்போட்டுக் கோணியால் சீண்டி வெறியேற்றித் தருகிற 'காவல் பயிற்சி'க்கு ஆசைப்படுகிறவர்கள் இதை இரண்டு தரம் படிப்பது நல்லது. போட்டிக் களத்திலே, கடிக்கிற நாய்க்கு அல்ல, ஒரு சொல்லுக்குக் கவ்வியதை விடுகிற நாய்க்குத்தான் மதிப்பு. தெருப்பிள்ளையைக் கடித்துவிட்டால், வெறியேற்றியவர் அங்கே இருக்க மாட்டார். நாய் நம் வசத்தில் இருக்கும்.

இரண்டாவது மனிதர் பணம் வாங்கிய அன்றே, கேட்காமலே, ஒரு முழுத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். எத்தனை வகுப்பு, வகுப்புக்கு என்ன கட்டணம், இடையில் நிறுத்தினால் எவ்வளவு திருப்பித் தருவார், சாதாரணப் பட்டை தவிர வேறு எதையும் கழுத்தில் மாட்டமாட்டார், வீட்டார் ஒருவர் இல்லாமல் வகுப்பு நடக்காது, உடம்புக்கு முடியாவிட்டால் எந்த மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி என்ன என்பதெல்லாம் அதில் இருந்தன. நாயின் அடையாளம் என்ற இடத்தில் ஆண், வெள்ளை, வயது இரண்டு என்று எழுதி, சற்று யோசித்து, அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "கழுத்தில் பழைய தழும்பு உண்டு. காது கேளாது. பின்பக்கமாகப் போய்த் தொடக் கூடாது."