சக்கர வீட்டின் கூரையில் சூரிய விளக்கு

துறைமுக வாயிலில் நெரிசல் ஏற்படும் நாள்களில் எண்ணூர் விரைவுச் சாலை வழியாகச் செல்வோர், கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து நிற்பதைக் கண்டிருப்பர். சில வேளைகளில் அந்த வரிசை இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூரையும் கடந்து நீளும். உள்ளே செல்ல ஓர் இரவும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை ஓட்டுநருக்கு லாரியின் முன்னறையே வீடு. உண்பதும் உறங்குவதும் அதனுள்தான். ரமளான் மாதமாயின் ஸஹர் உணவும் அங்கேதான். நம் இல்லங்கள் பலவற்றின் தந்தையரும் மைந்தரும் இத்தொழிலில் இருப்பதால், இஃது அயலார் செய்தியன்று.

மேலைநாடுகளில் வாகனத்தை வீடாக்கிக் கொள்வது ஓர் உல்லாசம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அமைந்த கேரவன் வண்டியில் குடும்பத்தோடு ஊர் ஊராகச் செல்வர். கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. நம் நகரில் கேரவன் என்றவுடன் நினைவுக்கு வருவது திரைப்படப் படப்பிடிப்புத்தான். வடசென்னையிலோ சக்கர வீட்டில் வாழ்வது பிழைப்புக்காக. நோக்கம் வேறாயினும் இரு சாராருக்கும் தேவை ஒன்றே: எஞ்சின் நின்ற பிறகு இரவு முழுவதற்கும் சிறிது மின்சாரம்.

அதை எங்கிருந்து பெறுவது? எஞ்சினை ஓடவிட்டு உறங்குவது பலரின் வழக்கம். மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் டீசல் வீணாகும். புகையோ பின்னால் நிற்பவரின் மூக்கில் ஏறும். கேரவன் வண்டிகளில் ஜெனரேட்டர் வைத்துக் கொள்வர். அதன் ஆபத்தை 2024 டிசம்பரில் கேரளத்து வடகரை உணர்த்தியது. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றினுள் இருவர் உயிரற்றுக் கிடந்தனர். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அவ்வண்டியிலேயே சோதனை நடத்திக் காரணத்தைக் கண்டனர். ஜெனரேட்டரிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு வாயு வண்டிக்குள் புகுந்து உறங்கியோரின் உயிரைப் பறித்திருந்தது. இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இருமி விழித்தெழவும் அது வாய்ப்பளிப்பதில்லை. மூடிய வண்டியில் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு ஒருவர் கண்ணயர்வதை வீட்டார் ஒருபோதும் இலேசாக எண்ணலாகாது.

இனிச் சூரிய ஒளிக்கு வருவோம். ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் தகட்டை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954இல் உலகுக்குக் காட்டினர். நான்கே ஆண்டுகளில், 1958 மார்ச்சில் விண்ணில் செலுத்தப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக் கோளில் அது பொருத்தப்பட்டது. வீட்டுக் கூரைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஓடும் கலத்தின் மேல் அது ஏறிவிட்டது என்பது சுவையான செய்தி.

நமக்கு இன்னும் அணுக்கமான எடுத்துக்காட்டு பெரம்பூரில் இருக்கிறது. அங்குள்ள இரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவான டீசல் இரயில் ஒன்று, கூரையில் சூரியப் பலகைகள் பொருத்தப்பட்டு 2017 ஜூலையில் டில்லியில் இயக்கி வைக்கப்பட்டது. சூரியன் இரயிலையே இழுக்கிறது என்று பலர் எண்ணிக் கொண்டனர். அப்படியன்று. இழுத்தது டீசல் எஞ்சின்தான். பெட்டிகளின் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமே கூரையின் மின்சாரம். அதே ஆண்டு ஜனவரியில் வைக்கம், தவணக்கடவு துறைகளுக்கிடையே ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ என்னும் 75 இருக்கைப் படகு சூரிய மின்சாரத்தால் நீரில் செல்கிறது. மெதுவாகச் செல்லும் படகுக்குப் பரந்த கூரையும் இருப்பதால் அது கைகூடிற்று. லாரிக்கு ஏற்ற முன்மாதிரி படகன்று, இரயிலே.

என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை டிரெய்லர் ஓட்டுபவர். “ஹஜ்ரத், ரெண்டு பேனல் போட்டா ராத்திரி ஏசி ஓடுமா?” என்று கேட்டார். “ஓடாது பாய்” என்றேன். ஏன் என்பதற்குக் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டியிருந்தது.

100 வாட் பலகை ஒன்றைச் சென்னை வெயிலில் கிடைமட்டமாக வைத்தால், அழுக்கு, வெப்பம் முதலிய இழப்புகள் போக, நல்ல நாளில் 300 வாட் மணி அளவுக்கு மின்சாரம் தரும். அதாவது மூன்றில் ஒரு பங்கு யூனிட். ஒரு டன் குளிர்சாதனம் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்து யூனிட்டாவது கேட்கும். பதினைந்து பலகைகளுக்குக் குறையாமல் வேண்டும். லாரி முன்னறையின் கூரையிலோ இரண்டுக்கு மேல் இடமில்லை. மாறாக, 15 வாட் நேர்மின் விசிறி பத்து மணி நேரம் சுழன்றால் 150 வாட் மணி. ஐந்து வாட் விளக்கு இரண்டு, நான்கு மணி நேரத்துக்கு 40. இரு செல்பேசிகளுக்கு 30. ஆகமொத்தம் 220. ஒரே பலகை போதும், மிச்சமும் உண்டு. விசிறிக் காற்றும் வெளிச்சமும் கேட்டால் சூரியன் தாராளமாகக் கொடுக்கிறது. குளிரைக் கேட்டால் கைவிரிக்கிறது. 2025 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் உற்பத்தியாகும் சரக்கு லாரிகளின் முன்னறையில் குளிர்சாதனம் கட்டாயம் என 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது நல்ல செய்தியே. ஆனால் அந்த வசதி எஞ்சின் ஓடும் வரைதான். ஆகவே புதிய லாரி வாங்கியவருக்கும் இரவு விசிறியின் தேவை தீரவில்லை.

கன்டெய்னர் லாரிக்கு மட்டும் உரிய இடர் ஒன்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஓட்டுநர் அறையின் கூரையை விடப் பின்னாலுள்ள பெட்டி உயரமானது. டிசம்பர் மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களை நோக்கி வடக்கு முகமாக நிற்கும் லாரியில், நண்பகலிலும் பெட்டியின் நிழல் முன்னறைக் கூரையின் பாதியை மறைக்கும். பலகையின் சில்லுகள் சங்கிலிபோல் தொடர்ந்து இணைந்தவை. ஒரு மூலையில் விழும் நிழல் பரப்பளவுக்கு மிஞ்சிய இழப்பைத் தரும். எனவே பலகையைப் பெட்டிக்கு அருகில் அன்றிக் கூரையின் முன்விளிம்பை ஒட்டிப் பொருத்துதல் வேண்டும். சாய்த்து வைக்க வேண்டியதில்லை. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நம் ஊரில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடுகிறது.

வெயில் மிகுந்தால் மின்சாரமும் மிகும் என்பது அரை உண்மை. சூடேறச் சூடேறச் சிலிக்கான் சோர்ந்து போகும். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு இழப்பு. மே மாதத்தில் பலகை 60 பாகையைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். கூரைத் தகரத்தோடு ஒட்டாமல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால் காற்று புகுந்து சற்றுத் தணிக்கும். அந்த இடைவெளியும் பலகையின் நிழலும் சேர்ந்து உள்ளறையின் அனலையும் குறைப்பது, கேட்காமல் கிடைக்கும் நன்மை.

தூசியைப் பற்றி வடசென்னையாருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இராயபுரத்து வீடுகளில் நிலக்கரித் துகள் படிகிறதென்று மக்கள் நெடுங்காலம் முறையிட்டு, நீதிமன்றத் தீர்ப்பின் பின் 2011இல் சென்னைத் துறைமுகம் நிலக்கரியைக் கையாள்வதை நிறுத்தியது. அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கி ஓய்ந்தது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்குகிறது. மாநிலத்துக்கே மின்சாரம் தரும் இந்நிலப்பரப்பின் சாலையில் ஓட்டுநர் ஒருவர் விசிறியின்றிப் புழுங்குகிறார் என்பதை என்னவென்று சொல்வது! சாம்பலும் கரித்தூளும் கடலின் உப்பும் பலகை மேல் படியும். வாரம் ஒருமுறை அதிகாலையில் நன்னீர் விட்டு மென்துணியால் துடைத்தல் வேண்டும். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது.

பேட்டரியைப் பொறுத்தவரை ஒரு தவறு பரவலாக நடக்கிறது. பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இணைந்து 24 வோல்ட் தருகின்றன. 12 வோல்ட் விசிறியை அவற்றுள் ஒன்றில் மட்டும் மாட்டிவிடுவர். அந்த ஒன்று வடிந்துகொண்டே போக, மற்றது நிறைந்தே இருக்க, இரண்டும் விரைவில் கெடும். விடியற்காலையில் வரிசை நகரும்போது வண்டி கிளம்பாது. சூரியப் பலகைக்கெனத் தனிப் பேட்டரி வைப்பதே முறை. மேலே கண்ட 220 வாட் மணிக்கு, பழைய ஈய வகையில் 75 அல்லது 80 ஆம்பியர் மணி தேவை. பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 50 போதும். விலை கூடுதல், எடையோ நான்கில் ஒரு பங்கு. வடகிழக்குப் பருவமழையில் வானம் தொடர்ந்து இரண்டு நாள் மூடியிருந்தாலும் இந்த அளவு தாங்கும். மூன்றாம் நாள் விசிறியைக் குறைத்துக் கொள்ள வேண்டியதுதான்.

பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் என்னும் சிறு கருவி இருந்தாக வேண்டும். அது மிகுதியாய் ஏறாமலும் அடியோடு வடியாமலும் காக்கும். பேட்டரியை ஒட்டியே ஒரு பியூஸ் வைக்க வேண்டும். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூடும் என்பதால் மெல்லிய கம்பி சூடேறித் தீப்பிடிக்கும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய கம்பியைக் கொண்டு இங்கே சிக்கனம் பார்ப்பது பேதைமை. ரிச்சித் தெருவில் கருவி வாங்கிய கையோடு தக்க கம்பியையும் கேட்டு வாங்கிவிடலாம்.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. வண்டியின் உயரமோ எடையோ கூடுமாயின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டபின் செய்தல் நலம். லாரி பிறருடையதாயின் முதலாளியின் இசைவும் வேண்டும். கூரையில் துளையிடுவது அவருடைய பொருளில் துளையிடுவதாகும்.

பலகையைப் பசை கொண்டு மட்டும் ஒட்டுவாரும் உளர். நெடுஞ்சாலை வேகத்தில் அது பிய்த்துக் கொண்டு பறந்தால் பின்னால் இருசக்கர வண்டியில் வருபவரின் கதி என்னாவது? துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் நான்கு மூலையிலும் இறுக்கி, துளைகளில் சிலிக்கோன் பூசி மழைநீர் புகாமல் அடைத்துவிட வேண்டும். காசிமேட்டுக் கடற்காற்று சாதாரண இரும்பை ஓரிரு மழைக்காலத்தில் அரித்துவிடும். மாணவனின் தந்தையிடம் இதையும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே ஏறி நான்கு திருகாணிகளையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி.