பகுதி ஆறு, பிரிவு நான்கு: உள்ளே எட்டிப் பார்க்கலாம் வாங்க!

மல்லசமுத்திரத்தில் இருக்கும் ஒருவர் தன் பெயரை மாற்றிக்கொள்ள நினைத்தால் சாதாரணமாகக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதே இல்லை. ‘இனி என் பெயர் இது’ என்று ஊருலகத்துக்குச் சொன்னால் போதும். அதைச் சொல்வதற்கென்றே அரசாங்கம் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது: தமிழ்நாடு அரசிதழ், பகுதி ஆறு, பிரிவு நான்கு. அரசிதழா என்று முகம் சுளிக்காதீர்கள். புதன்கிழமை தேதியிட்டு வெளிவரும் அந்தப் பக்கங்களைத் திறந்தால் எனக்குக் கீழே வைக்க மனசே வராது!

எல்லா அறிவிப்புக்கும் ஒரே வார்ப்புதான். நான், இன்னாரின் மகள், இந்தத் தேதியில் பிறந்தவள், சொந்த மாவட்டம் இது, குடியிருப்பது இந்த முகவரியில், இனிமேல் இந்தப் பெயரால் அழைக்கப்படுவேன். அடியில் கையொப்பமாக வருவது பழைய பெயர். பாருங்களேன், அத்தனை வருஷம் உழைத்த பெயர் தானே முன்வந்து புதியதற்கு இடம் விட்டுக் கொடுக்கிறது! பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் அப்பாவோ அம்மாவோ, ‘என் மகன்’ என்று தொடங்கிப் பேசுவார்கள்.

ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. கல்யாணம், மதமாற்றம், எண்கணிதம், தன் பாலினத்தைத் தானே சொல்லும் துணிச்சல். பெரும்பாலும் ஆங்கில எழுத்து ஒன்று கூடிப் போயிருக்கும், அல்லது குறைந்து போயிருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் இன்னொரு விதம். “ஒரு எழுத்துத்தானுங்களே, விட்டுரலாமுங்களா?” என்று நம் பக்கத்தில் கேட்பார்கள். விடாதீங்க! பாஸ்போர்ட் வாங்கப் போகும்போது அந்த ஓர் எழுத்துத்தான் வழிமறிக்கும்.

இதில் எனக்கு நெஞ்சு நிமிர்வது பெரியவர்களை நினைத்தால்தான். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து கழற்றச் சொன்னது. பிறப்பு ஒட்டிவிட்டதை மனுஷன் உரித்துப் போடலாம் என்ற நம்பிக்கை இந்த மண்ணில் ஆழமாக ஊறியது. நம் ஊரே சேலம் மாவட்டத்தில் இருந்து, 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் மாவட்டம் என்று முகவரி எழுதக் கற்றுக்கொண்டதுதானே!

சரி, காரியத்துக்கு வருவோம். எழுதுபொருள் அச்சுத் துறையின் விண்ணப்பப் படிவம் இணையத்திலேயே கிடைக்கிறது. பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ் நகல், முகவரிச் சான்று, சான்றொப்பமிட்ட புகைப்படம், கட்டணம். புதுப் பெயரின் எழுத்துகளை மட்டும் நான்கு கண் வைத்துப் பாருங்கள், அதில் பிழை வந்தால் பிழையேதான் அச்சாகும். பெயர் மாற்ற அறிவிப்புகளோடு துறை இயக்குநரின் எச்சரிக்கை ஒன்றும் அச்சாகியிருக்கும்: இதன் சட்ட விளைவுகளுக்கு அறிவிப்பவரே முழுப் பொறுப்பு. எனக்கு அது மிரட்டலாகப் படவில்லை. உன் பெயர் உன்னுடையது என்று அரசாங்கமே ஒப்புக்கொள்வதாகத்தான் படுகிறது!

இதழ் கைக்கு வந்ததும் ஆதார், பான், வங்கி, வாக்காளர் அட்டை என்று வரிசையாக அலைச்சல் இருக்கிறது. பழைய மதிப்பெண் பட்டியலை யார் கேட்டாலும் அரசிதழ் நகலைச் சேர்த்தே நீட்டுங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.