வாக்குச்சாவடியின் வாயிற்படி

நுழையும்முன்

தேர்தல் என்றதும் வேட்பாளர், பரப்புரை, வெற்றி, தோல்வி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. வாக்காளர் ஒருவர் தம் இல்லத்திலிருந்து புறப்பட்டு, வாக்குப்பதிவு இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும்வரை கடக்க வேண்டிய வழியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வழியிலுள்ள தடைகளைக் கண்டறிந்து களைவதும் மக்களாட்சியைக் காக்கும் பணியே ஆகும்.

அனைவருக்குமான உரிமை

பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் நடைமுறையிலிருந்த குடவோலை முறையை உத்திரமேரூர்க் கல்வெட்டு விளக்குகிறது. எனினும், நிலமும் மனையும் கல்வியும் உடையோர் பெயர்களே அன்று குடத்தில் இடப்பட்டன. இன்றோ, இந்திய அரசமைப்பின் 326ஆம் பிரிவு, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்குகிறது. 1988இல் இயற்றப்பட்ட 61ஆவது திருத்தம், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. சட்டம் வழங்கிய இவ்வுரிமை, வாக்குச்சாவடியின் வாயிற்படியில் தடைப்படுமாயின் என்ன பயன்?

தொலைவும் படிக்கட்டும்

முதல் தடை தொலைவு. எந்த வாக்காளரும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் செல்ல நேரக்கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் பொதுநெறி. 2019ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில், அருணாசலப் பிரதேசத்தின் மலோகம் என்னும் மலைச்சிற்றூரில் ஒரே ஒரு வாக்காளருக்காக அலுவலர் குழு மலைவழியே நடந்து சென்று வாக்குச்சாவடி அமைத்தது.

மலையைக் கடந்த அக்கறை, பள்ளிக்கூடத்தின் மூன்று படிகளையும் கடக்க வேண்டும். நடப்பவருக்கு அவை வெறும் படிகள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அவை மதிற்சுவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, வாக்குச்சாவடிகள் அனைத்தும் அவர்கள் எளிதில் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. எனவேதான் சாய்தளம், குடிநீர், நிழல், கழிவறை, வெளிச்சம் ஆகியவை அடிப்படை வசதிகளாக வலியுறுத்தப்படுகின்றன. சாய்தளம் இருந்தால் மட்டும் போதாது. அது செங்குத்தாக இருப்பின் பயனில்லை.

வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெயில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பார்வையற்றோரும் உடல் தளர்ந்தோரும் 18 வயது நிறைந்த துணைவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். துணைவர் ஒரே நாளில் ஒருவருக்கு மேல் துணைசெய்தல் கூடாது; வாக்கின் கமுக்கத்தையும் காத்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில், 85 வயதைக் கடந்தோரும், 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகளும் முன்கூட்டியே விண்ணப்பித்து இல்லத்திலிருந்தே வாக்களிக்க வழிசெய்யப்பட்டது.

பெயரும் அடையாளமும்

கண்ணுக்குப் புலப்படாத தடைகளும் உள. வாக்காளர் அடையாள அட்டை கையிலிருந்தும் பட்டியலில் பெயரில்லையெனில் வாக்களிக்க இயலாது. பெயரிருந்து அட்டை இல்லாதவரோ, ஆணையம் ஏற்கும் வேறு புகைப்பட ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாமல் திரும்பிச் செல்வோர் தம் உரிமையை இழக்கின்றனர்.

ஒருவர் பெயரில் வேறொருவர் முன்னரே வாக்களித்திருந்தால், உரியவர் மனமுடைந்து திரும்ப வேண்டியதில்லை. அலுவலரின் வினாக்களுக்கு உரிய விடையளித்துத் தம்மை மெய்ப்பித்தால், விதி 49பி-இன்படி அவருக்கு வாக்குச்சீட்டு வழங்கப்படும். அது தனி உறையில் வைக்கப்படும். அவ்வாறே, வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் அனைவருக்கும் வாக்களிக்கும் உரிமை உண்டு.

காணும் கண்கள்

இவையெல்லாம் முறையாக நடைபெறுகின்றனவா என்பதை யார் காண்பது? தேர்தல் ஆணையம் பார்வையாளர்களை அமர்த்துகிறது. வேட்பாளர்களின் முகவர்கள் வாக்குச்சாவடிக்குள் அமர்கின்றனர். வாக்குப்பதிவிற்கு முன்னர் அவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தப்பட்டு, அவ்வாக்குகள் அழிக்கப்படுகின்றன. இறுதியில், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் படிவம் 17சி-இன் படி முகவர்களுக்கு வழங்கப்படுகிறது.

நல்ல பார்வையாளர் எந்த வேட்பாளருக்கும் சார்பாகப் பேசமாட்டார்; வாக்குப்பதிவில் குறுக்கிடவும் மாட்டார். வரிசை நீண்டது என்று மட்டும் எழுதாமல், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எதனால் காத்திருந்தனர் என்று குறிப்பார். ‘வசதியில்லை’ என்னும் குறை காற்றோடு போகும். ‘சாய்தளத்தின் முன் மணல் குவிந்துள்ளது’ என்னும் குறிப்பு அப்பொழுதே மணலை அகற்றச் செய்யும்.

நம் கடமை

17 வயது நிறைந்தோர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்பும் நாம் செய்யத்தக்கன உண்டு. பாட்டியின் பெயர் பட்டியலில் உள்ளதா எனப் பார்த்துச் சொல்லலாம். அண்டை வீட்டு முதியவருக்கு வாக்குச்சாவடியைக் காட்டலாம். தேர்தல் நாளில் வாக்குச்சாவடியாக மாறுவது பெரும்பாலும் நாம் பயிலும் பள்ளியே. அதன் படிகளை ஒருமுறை நின்று நோக்குவோம். அவற்றில் ஏற இயலாமல் ஒருவர் திரும்பினாலும், அன்று குறைவது ஒரு வாக்கு மட்டுமன்று. மக்களாட்சி அவருக்கு அளித்த உறுதிமொழியும்தான்.